பூஜை அறையில் ஒரு வட்டக் கறை

உங்கள் ஸ்டேஷன் தரையை யார் சார் துடைக்கிறார்கள்? உள்ளே வரும்போதே கவனித்தேன். மூலையில்கூடத் தூசி இல்லை. பெஞ்சை நகர்த்திவிட்டுத் துடைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பெஞ்சைச் சுற்றித்தான் மாப் போகும். நகர்த்துகிற ஆள் கிடைப்பது அபூர்வம். துடைக்கிற அம்மாவிடம் நான் பாராட்டினதாகச் சொல்லுங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றினதற்கு ஏட்டையா சிரித்தார். பழக்கம் சார், விடமாட்டேன் என்கிறது.

என் பெயர் ரெத்தினம். பாசன வாய்க்கால் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவன். குடவாசல் ரோட்டிலிருந்து ஆலத்தங்கரைக்குத் திரும்பினால் வாய்க்கால் ஓரமாக ஒரு வெள்ளை வீடு தெரியும், அது என்னுடையது. போன வாரம் அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கின துரைராசு என்கிற ஆள் மூச்சுத் திணறிச் செத்துப்போனான். அது சம்பந்தமாகத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் எழுதின முதல் தகவல் அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. 'கிளீனிங் நிறுவனத்தார் மற்றும் வீட்டு உரிமையாளரின் அஜாக்கிரதையால்' என்று போட்டிருக்கிறீர்கள்.

மறுநாள் பேப்பரிலும் அதே வார்த்தை. டீக்கடையில் ஒருத்தர் சத்தம் போட்டு வாசித்தார். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

சார், என் சர்வீஸ் முழுக்க அந்த வார்த்தையை என் பேருக்குப் பக்கத்தில் யாரும் எழுதினது கிடையாது. ஐப்பசி வெள்ளத்தில் ஊரே மிதந்த வருஷத்தில்கூட என் மதகில் ஒரு பலகை நழுவினது இல்லை. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற மனுஷன் நான். நடந்ததைச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். அஜாக்கிரதை என்று ஒன்று அங்கே நடக்கவே இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

வீடு கட்டினவர்களுக்குத் தெரியும். கொத்தனார் போய், ஆசாரி போய், பெயின்டரும் போன பிறகு கையில் மிஞ்சுவது வீடு இல்லை, குப்பைமேடு. "நாலு பொம்பளையாளக் கூப்பிட்டா கழுவி விட்டுட்டுப் போயிடுவாளுங்க, இதுக்கு எதுக்குக் கம்பெனி?" என்றாள் தங்கமணி. தங்கமணி என் சம்சாரம். நான்தான் கேட்கவில்லை. தை மாதம் கிரகப்பிரவேசம். மகள் சுந்தரியின் மாமனார் மாமியார் திருச்சியிலிருந்து வருகிறார்கள். அவர்கள் வீட்டில் செருப்பு வைக்கவே ஒரு அலமாரி இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் வரும்போது நம் வீட்டு ஜன்னல் கம்பியில் பெயின்ட் பொட்டு இருந்தால் நன்றாக இருக்குமா? தொழிலாகச் செய்கிறவர்களிடமே கொடுப்போம் என்று கும்பகோணத்தில் வெண்தாமரை கிளீனிங் சர்வீசுக்குப் போன் போட்டேன். அதை நடத்துவது நஃபீசா என்கிற பெண். எம்.பி.ஏ. படித்தவள். பேச்சு சுத்தமாக இருந்தது.

"சாவியக் குடுத்துட்டுப் போங்க சார். திரும்பி வந்து பாத்தீங்கன்னா இது நம்ம வீடுதானான்னு உங்களுக்கே சந்தேகம் வந்துடும்."

வந்தது. முதுகில் கம்பெனி பேர் அச்சடித்த நீல டி-ஷர்ட் போட்ட ஒரு கூட்டம் வந்து இறங்கி, இரைச்சலாக ஒரு மெஷினை ஓட்டி, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. நான் உள்ளே போய் விளக்கைப் போட்டேன். குளியலறை டைல்ஸில் சிமென்ட்டின் வெள்ளைப் படலம் அப்படியே இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஸ்டிக்கரைப் பாதி சுரண்டிப் பாதி விட்டிருந்தார்கள். ஸ்விட்சுகளுக்குள் சுவருக்குப் பூசின பட்டித் தூள். மாடிப்படிக் கைப்பிடியில் இரும்பு நாரைப் போட்டுத் தேய்த்ததில் பூனை பிறாண்டின மாதிரி கோடு. இதெல்லாம் போகட்டும். கழிவறையைத் துடைத்த மாப்பை அலசாமல் ஹாலுக்கும் போட்டிருக்கிறார்கள். வாசனையே சொல்லிற்று.

நான் சத்தம் போடவில்லை சார். சத்தம் போட்டு எந்த வேலையும் சரியானதாக நான் பார்த்தது இல்லை. போன் செய்து, அறை அறையாகச் சொன்னேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். ஒரு சாக்குக்கூடச் சொல்லவில்லை. "எங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல சூப்பர்வைசர அனுப்புறேன் சார். அவர் கையவச்சா நீங்க ஒரு குறை சொல்ல முடியாது" என்றாள்.

அப்படி வந்தவன்தான் துரைராசு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். டிப்ளமோ படித்தவனாம். கூட மாரியப்பன் என்று ஒரு வாயாடி. இரண்டு பேரும் வாசலில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

வேலைக்காரன் சார், துரைராசு. மறைத்து என்ன ஆகப்போகிறது. டைல்ஸுக்கு ஒரு மருந்து, கண்ணாடிக்கு ஒன்று, ஸ்விட்சுக்குச் சின்ன பிரஷ். மாரியப்பன் ஏனோதானோவென்று ஒரு கம்பியைத் துடைத்தால், "டேய், நீ தொடைக்கறது கம்பிய இல்லடா, கம்பெனி பேர" என்பான். அதற்கு மாரியப்பன், "கம்பெனி பேர் எங்கண்ணே இருக்கு, உங்க முதுகுல இருக்கு. திரும்புங்க, தொடச்சு விடுறேன்" என்பான். மத்தியானத்துக்குள் என் குறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. குறை சொல்ல ஒன்றுமே இல்லாமல் போனது எனக்கு ஒருமாதிரி ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த துரைராசு பூஜை அறை வாசலில் நின்றான். அந்த அறைக்கு மட்டும் நான் வெள்ளை மார்பிள் போட்டிருந்தேன். பால் மாதிரி இருக்கும். அவன் மார்பிளைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்தான், வெளியே நின்ற பூவரச மரத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுப்பா."

"இந்த எடத்துலதான் சார் எங்க அடுப்பு இருந்துச்சு."

நான் அவனைப் பார்த்தேன்.

"பஞ்சநாதன் மவன் சார் நான். அம்சம் மவன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க வாய்க்கா அளக்க வந்தப்ப டேப்போட அந்தப் பக்கத்து நுனிய நான்தான் புடிச்சேன். நீங்ககூட ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் குடுத்தீங்க."

கோபமாகச் சொன்னான் என்று எழுதிவிடாதீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவைக் கொஞ்சம் வேகமாக ஓட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் இதையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா காலத்தில் எங்களுக்கு மிராசு நிலம் நிறைய. உச்சவரம்பு வந்தது, குத்தகைச் சட்டம் வந்தது. இந்தக் கட்சி போய் அந்தக் கட்சி வந்தது, அது போய் இது வந்தது. யார் வந்தாலும் எங்கள் வயல் வரப்பில் ஒரு கொடியை ஊன்றிவிட்டுத்தான் போனார்கள். அறுப்புக்கு ஆள் இறங்காமல் கதிர் வயலிலேயே கொட்டின வருஷமும் உண்டு. மிஞ்சினது வாய்க்கால் ஓரத்து மனை ஒன்று. அதில் பஞ்சநாதனும் இன்னும் சில குடும்பங்களும் குடிசை போட்டிருந்தார்கள். எங்களிடம் பண்ணைவேலை பார்த்தவர்கள். அப்பா காலத்திலேயே இருக்கச் சொல்லி இருந்தவர்கள். குடியிருப்பவர்களுக்கே மனை சொந்தம் என்று பேச்சு அடிபட ஆரம்பித்தபோது அப்பா படுக்கையில் விழுந்தார்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. வாய்க்காலை அளந்தேன். தூர் வாருவதற்கு இடைஞ்சலாகக் குடிசைகள் இருப்பதாக அளவு காட்டிற்று. கையெழுத்துப் போட்டது நான் இல்லை, மேலே இருந்தவர்கள். குடிசையைப் பிரித்ததும் நான் இல்லை. அந்த வருஷம் தூர் வார நிதி வரவில்லை. அதற்கு நான் என்ன செய்வேன்? பஞ்சநாதன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு திருவிடைமருதூர்ப் பக்கம் போய்விட்டான். அங்கேயே செத்தும் போனான். நான் அளந்ததோடு சரி.

ஆகவே நிலத்தகராறு என்று எழுதாதீர்கள். தகராறு என்றால் இரண்டு பேர் வேண்டும். அவன் மண்ணைக் கேட்கவும் இல்லை, நான் மறுக்கவும் இல்லை. எங்களுக்குள் இருந்தது தரையைத் துடைக்கிற விஷயம் மட்டும்தான்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் கறையைக் கவனித்தேன்.

பூஜை அறை நடுவில். வட்டமாக. ஒரு அடுப்பு அளவுக்கு, சாம்பல் நிறத்தில். அதுவரைக்கும் என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அவன் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. மார்பிளுக்கு ஆகாத மருந்து ஏதாவது சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எங்கங்க?"

"இதோ, உன் கால்கிட்ட."

அவள் குனிந்தாள். முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். "வெளிச்சம் அப்படி விழுது போலங்க. பகல்ல பாப்போம்" என்றாள். அவளுக்கு எப்போதுமே வேலையைத் தள்ளிப்போடுகிற குணம்.

பகலிலும் இருந்தது. நஃபீசாவுக்குப் போன் செய்தேன். துரைராசுவும் மாரியப்பனும் மறுபடி வந்தார்கள். துரைராசு மண்டிபோட்டு, தரையோடு கன்னத்தை வைத்த மாதிரி பார்த்தான்.

"எங்க சார்?"

காட்டினேன்.

"அண்ணே, சாருக்குக் கண்ணாடி மாத்தணும் போல இருக்கு" என்றான் மாரியப்பன், எனக்குக் கேட்காது என்று நினைத்து.

"வாய மூடுறா" என்றான் துரைராசு. பிறகு என்னிடம், "இருக்கட்டும் சார், தேச்சுப் பாத்துடுறேன்" என்றான். தேய்த்தான். மெத்தென்ற துணியால், வட்டம் வட்டமாக, வியர்வை சொட்டினால் அதையும் துடைத்துக்கொண்டு. இதை நீங்கள் யோசிக்க வேண்டும் சார். கறை இல்லை என்றால் ஒரு மனுஷன் எதற்காக அவ்வளவு நேரம் தேய்க்கிறான்? அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. நான் எத்தனை காண்ட்ராக்டரைப் பார்த்திருப்பேன்.

"இப்ப போயிடுச்சுங்களா?"

"இருக்குப்பா."

"சரிங்க" என்று மறுபடி ஆரம்பித்தான். எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது. கறையும் போகவில்லை. நல்ல சூப்பர்வைசர் என்று அனுப்பினார்கள். ஒரு வட்டத்தை எடுக்க முடியவில்லை. ஏமாற்றமாக இருக்குமா, இருக்காதா?

கிளம்பும்போது தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"சார், அம்மாகிட்ட சொன்னேன், இங்கதான் வேலைன்னு. பால் காய்ச்சுற அன்னிக்கு வந்து ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறேங்குது."

"எதுக்குப்பா?"

"சும்மாதான் சார். அந்த அடுப்புலதான் எங்களுக்கெல்லாம் கஞ்சி காய்ச்சிச்சு. இப்ப அதே எடத்துல சாமி வருதுன்னு அதுக்கு ஒரு சந்தோஷம். எதையும் தொடாது. மனசு நெறைஞ்சு போயிடும்."

ஓரமாக நிற்பாளாம். திருச்சி சம்பந்தி பட்டுப்புடவையில் நிற்கிற இடத்தில், பஞ்சநாதன் பெண்டாட்டி நின்றுகொண்டு, 'இங்கேதான் என் அடுப்பு இருந்துச்சு' என்று நாலு பேர் காதில் விழச் சொல்வாள். நாலு பேர் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் விளக்கேற்றும்போது அந்த நாலு பேரும் அந்த அறைக்குள் நிற்பார்கள். எந்த மாப்பைப் போட்டுத் துடைப்பது?

ஆனால் நான் மறுக்கவில்லை சார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். "தாராளமா கூட்டிட்டு வாப்பா. ஓரமா எதுக்கு? முன்னாடியே நிக்கட்டும்" என்றேன். அவன் முகம் மலர்ந்ததை நானும் பார்த்தேன். எனக்கே மனசு நிறைந்துவிட்டது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அப்புறம்தான் தொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரே ஒரு வேலைதான் பாக்கிப்பா. சம்ப்புக்குள்ள சென்ட்ரிங் பலகை கெடக்கு. வீட்டுத் தண்ணியிலதான் பால் காய்ச்சணும், உங்கம்மா வந்தா கைகால் கழுவணும். பலகைய எடுத்துக் கழுவாம மோட்டாரைப் போட முடியாது."

துரைராசு தயங்கினான். "தொட்டிக்குள்ள எறங்கக் கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லியிருக்காங்க சார். அதுக்கு வேற ஆளுங்க மெஷினோட வருவாங்க."

அது உண்மை. நஃபீசா என்னிடமும் முதல் போனிலேயே அதைச் சொன்னாள். நீங்கள் அந்தப் பெண்ணைக் கொண்டுபோய் உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவளுடைய விதி சரியான விதி. அதை மீறினவன் துரைராசு. மீற வைத்தது நான். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்கு உபயோகப்படும். நான் அதற்காக வரவில்லை என்றாலும்.

"மேடத்துக்குத் தெரிய வேணாம்பா. கம்பெனி வேலையா கேக்கல, நம்ம வீட்டு வேலையா கேக்குறேன்" என்றேன். நம்ம வீடு என்றதும் அவன் பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நாளைக்குக் காலைல வந்துடுறேன் சார்" என்றான்.

சார், நீங்கள் ஊருக்குப் புதுசு, அதனால் விளக்கிச் சொல்கிறேன். சம்ப்பு என்றால் வீட்டு முன்னால் தரைக்கடியில் கட்டுகிற தண்ணீர்த் தொட்டி. மேல்தளம் கான்கிரீட் போடும்போது கீழே பலகையும் முட்டுக்கம்பும் கொடுத்துத் தாங்குவார்கள். இறுகின பிறகு ஒரு ஆள் நுழைகிற வாய் வழியாக இறங்கி அந்தப் பலகைகளை உருவ வேண்டும். எங்கள் சென்ட்ரிங் ஆட்கள் பாதியை உருவிவிட்டு வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள். கார்த்திகை மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி முழங்கால் ஆழத்துக்கு நின்றது. மூடியைப் போட்டு வைத்திருந்தேன். மூடின தொட்டிக்குள் ஈரப் பலகை ஊறி அழுகினால், அது உள்ளே இருக்கிற நல்ல காற்றைத் தின்றுவிடும். வாசனை இருக்காது, புகை இருக்காது. பார்க்கச் சும்மா தொட்டி மாதிரிதான் இருக்கும். வருஷத்துக்கு ஒருதரமாவது பேப்பரில் படிக்கிறோம். படிக்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்புகிறார்கள். நான் திருப்புகிறவன் இல்லை.

கிணறு தூர்வாருகிறவர்கள் இறங்குவதற்கு முன்னால் எரிகிற விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு நின்றால் ஆள் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. டெல்டாவில் வாய்க்கால் வேலை பார்த்த எவனும் இதை மறக்க மாட்டான்.

காலையில் துரைராசு வந்து, கூட வந்த மாரியப்பனை மாடியைக் கூட்ட அனுப்பிவிட்டு, வாசலில் உட்கார்ந்து தங்கமணி கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான். நான் தொட்டி மூடியை விலக்கி, ஒரு பெயின்ட் வாளியில் அகல்விளக்கை ஏற்றி வைத்து, கயிற்றில் இறக்கினேன். பாதி ஆழம் போகவில்லை, அணைந்துவிட்டது. ஈரக் காற்றாக இருக்கலாம், திரி சரியில்லாமல் இருக்கலாம் என்று திரியை மாற்றி மறுபடி விட்டேன். மறுபடியும் அணைந்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை என்று சொன்னேன் இல்லையா?

தங்கமணி காப்பி டம்ளரோடு வந்தாள்.

"எதுக்குங்க வெளக்கு?"

"உள்ள காத்து இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ உள்ள போ, பால் பொங்கப் போவுது."

அடுப்பில் பால் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் உள்ளே போய்விட்டாள்.

துரைராசு வந்தான். டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வாசற்படியில் வைத்தான். கம்பெனி பேர் மேலே தெரியாதபடி உள்பக்கமாக மடித்தான். அதிலும் ஒரு நாணயம். ஏணியை நானே பிடித்தேன்.

"உள்ள காத்து இருக்கும்ல சார்?"

"வெளக்கு எறக்கிப் பாத்துட்டேம்ப்பா" என்றேன்.

நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிக் கேளுங்கள், அதில் ஒரு பொய் கிடையாது. பார்த்தேன் என்றுதான் சொன்னேன். என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. பெரியவர் பார்த்துவிட்டார் என்றால் அவனுக்கு அது போதும். டேப் நுனியைப் பிடித்தபோதும் அப்படித்தான். எதற்கு அளக்கிறோம் என்று கேட்கவே இல்லை.

இறங்கினான். "பலகை நெறைய கெடக்கு சார்" என்றான். ஒரு பலகையை எடுத்து மேலே நீட்டினான், நான் வாங்கி வைத்தேன். இன்னொன்றுக்குக் குனிந்தவன் நிமிரவில்லை. சுவரில் கையை ஊன்றினான். தூக்கம் வந்தவன் மாதிரி மெதுவாக உட்கார்ந்து, அந்தத் தண்ணீரிலேயே சாய்ந்தான். சத்தமே இல்லை சார். அவன் எந்த வேலையையும் சத்தமில்லாமல்தான் செய்வான்.

நான் ஏணியை விடவில்லை. அவன் ஏறி வருவதாக இருந்தால் ஆடக் கூடாது அல்லவா?

மாடியில் வேலையாக இருந்த மாரியப்பன் அப்போதுதான் எதற்கோ கூப்பிட்டுக்கொண்டு வந்தான். எட்டிப் பார்த்தான். "அண்ணே" என்று ஒரே பாய்ச்சலாக ஏணியில் காலை வைத்தான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினேன். "எறங்காதடா, உள்ள காத்து இல்ல" என்று அவன்மேல் அழுத்திக்கொண்டே உட்கார்ந்தேன். இந்த வயதில், வாட்டசாட்டமான ஒரு பையனை. தங்கமணி போன் செய்து தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் அவன் என்னை அடித்தான், கடித்தான். இதோ பல் பட்ட காயம். விட்டேனா? ஒரு உயிரைக் காப்பாற்றினவன் சார் நான். உங்கள் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உள்ளே காற்று இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று மாரியப்பனை விசாரித்தவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், நான் இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டியதே இல்லை. மன்னிக்க வேண்டும், விசாரணையும் அந்த முதல் நாள் கிளீனிங் மாதிரிதான் இருக்கிறது. பெஞ்சைச் சுற்றித் துடைத்திருக்கிறீர்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்சம் வந்தாள். கூட யாரும் இல்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"ஓவர்சியரய்யா, எம்புள்ள கடேசியாத் தொடச்ச எடம் எதுங்க?"

பூஜை அறையைக் காட்டினேன். வாசலிலேயே நின்று, "வரலாமுங்களா?" என்று கேட்டாள். வரச் சொன்னேன். உட்கார்ந்தாள். சரியாக அந்த வட்டத்தின் மேலேயே உட்கார்ந்தாள். நான் சொல்லவே இல்லை. உள்ளங்கையால் தரையை மெதுவாகத் தடவினாள், குழந்தை முதுகைத் தடவுகிற மாதிரி.

"அங்க ஒரு கறை இருக்கு பாரும்மா. அதத்தான் அவனால எடுக்க முடியல" என்றேன். உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு?

அவள் கையை எடுத்துப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கறை ஒண்ணும் இல்லைங்களே. எம்புள்ள நல்லாத்தான் தொடச்சிருக்கான்" என்றாள்.

நஷ்ட ஈடு கேட்கவில்லை. சாபம் கொடுக்கவில்லை. எழுந்து போய்விட்டாள். வயதானவள், கண்ணில் புரை விழுந்திருக்கும்.

தங்கமணியும் அன்றைக்கே திருச்சிக்குப் போய்விட்டாள், சுந்தரி வீட்டுக்கு. போன் செய்தால் எடுப்பதில்லை. பேரப்பிள்ளையோடு பொழுது சரியாக இருக்கும். கிரகப்பிரவேசத்தைப் பங்குனிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அந்தப் பையில் இருப்பதை வெளியே எடுங்கள். பெயின்ட் வாளி, கயிறு, அகல்விளக்கு. எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்துத்தான் கொண்டுவந்தேன். சாட்சிப் பொருளைக் கழுவக் கூடாதா? அது எனக்குத் தெரியாது சார். அழுக்காக எப்படிக் கொண்டுவருவது?

இப்போது திருத்தி எழுதுங்கள், நான் சொல்கிறேன். 'ரெத்தினம் ஆகிய நான், தொட்டிக்குள் காற்று இல்லை என்பதை விளக்கு இறக்கி, ஒன்றுக்கு இரண்டு முறை சோதித்து உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே துரைராசு என்பவரை உள்ளே இறக்கினேன். அவர் இறந்தது என் அஜாக்கிரதையால் அல்ல. முழு ஜாக்கிரதையோடு நான் செய்தது.' ஆமாம், முழு என்ற வார்த்தையையும் போடுங்கள். காரணம் என்ற இடத்தில், 'பூஜை அறைக் கறையைச் சரியாக அகற்றாதது' என்று போடுங்கள். வேறெதையும் சேர்க்காதீர்கள்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பேனா மூடி கீழே விழுந்துவிட்டது. இருக்கட்டும், நானே எடுக்கிறேன்.

சார்.

உங்கள் தரையைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னேன், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேஜைக்கு அடியில், என் கால் இருக்கிற இடத்தில் பாருங்கள். வட்டமாக, சாம்பல் நிறத்தில். வரும்போது இல்லை. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்திருக்கிறது. டார்ச் வேண்டாம், எனக்கு நன்றாகவே தெரிகிறது. அந்தம்மாவைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்று அவர்களும் சொன்னால், தயவுசெய்து ஆளை மாற்றுங்கள்.